அந்தியேட்டிக்குப் பின் வரும் அனுமதி

ரொறன்ரோ நகரத்து வைத்தியசாலையிலே மகன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறான். சாவகச்சேரியிலே அவனைப் பெற்றவள், கைவிரல் அடையாளம் கொடுப்பதற்காகக் கொழும்புக்குப் பேருந்தேறுகிறாள். விண்ணப்பம் அனுப்பியாயிற்று, விசாவுக்கு 100 டொலரும் விரலடையாளத்துக்கு 85 டொலரும் கட்டியாயிற்று, நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன என்று வைத்தியர் எழுதிய கடிதமும் இணைத்தாயிற்று. அதற்குப் பின்னர் அவளுக்குக் கிடைப்பது மௌனம். அந்த மௌனம் கலைந்து பதில் வந்து சேரும்போது, மகனுடைய உடல் தகனமாகி, எட்டும் கழிந்து, கீரிமலையிலே அந்தியேட்டியும் முடிந்திருக்கும்.

இது ஒரு வீட்டின் கதையன்று. குடாநாட்டிலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இத்தகைய துயரத்தை அறியாத கிராமமே இல்லையெனலாம். நாற்பது ஆண்டுகளாக எம்மவர் உலகெங்கும் சிதறிப் போயினர். பிறந்த வீடு இங்கும் பிள்ளைகள் அங்குமாக வாழ்வது எமது சமுதாயத்தின் வழமையாகிவிட்டது. சாவும் நோயும் மட்டும் அந்த வழமைக்குப் பணிந்து நடப்பதில்லை.

ஒரு நாடு தன் எல்லைக்குள் எவரை விடலாம், எவரை விடலாகாது என்று தீர்மானிக்கும் உரிமையை நாம் மறுக்கவில்லை. கனடாவோ பிரித்தானியாவோ எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று நாம் கேட்கவுமில்லை. நாம் கேட்பது அதனினும் சிறியது. அவசர நிலையில் விண்ணப்பத்தை விரைந்து பரிசீலிப்போம் என்று அந்நாட்டு அரசாங்கங்களே அறிவித்திருக்கின்றன. அப்படியாயின், அவசரத்தை முன்வைத்து வேண்டுகோள் விடுத்தவனுக்கு, அந்த வேண்டுகோள் ஏற்கப்பட்டதா இல்லையா என்பதையாவது உரிய காலத்தில் சொல்ல வேண்டாமா? "இல்லை" என்பதும் ஒரு பதில்தான். அதைக் கேட்டவன் அழுதுவிட்டு ஆகவேண்டியதைப் பார்ப்பான். பதிலே வராதவனோ பயணப்பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, கைத்தொலைபேசியைப் பார்த்தபடி பாயில் கிடக்கிறான்.

எம்மவர் மிகுதியாக வாழும் கனடாவையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்துக்கு மரணம், கடும் நோய் ஆகிய காரணங்களைக் காட்டி, ஆதாரங்களுடன் விரைவுப் பரிசீலனை கோரலாம். அதற்கென இணையத்தில் ஒரு படிவமும் உண்டு. கோரிக்கையை ஏற்பதும் விடுவதும் அதிகாரியின் தற்றுணிபு. அவசரம் ஏற்கப்பட்டாலும் விசா கிடைப்பது நிச்சயமன்று. கோவை மேசைக்கு முன்னதாக வரும், அவ்வளவே. அதற்குப் பின் அதிகாரியின் கையில் இருப்பது கனடியக் குடிவரவு ஒழுங்குவிதிகளின் 179 ஆம் விதி. வருபவர் அனுமதித்த காலம் முடிந்ததும் திரும்பிச் செல்வார் என்று அதிகாரி திருப்தியடைய வேண்டும் என்பது அவ்விதி.

இங்கேதான் எம்மவர் பலருடைய விண்ணப்பங்கள் வீழ்கின்றன. மகன் கனடாவில் இருப்பதே தாய் அங்கே போகவேண்டியதற்குக் காரணம். அவள் திரும்பி வரமாட்டாள் என்ற ஐயத்துக்கும் அதுவே காரணமாக எழுதப்படுகிறது. பாசம் எவ்வளவு நெருக்கமோ, ஐயமும் அவ்வளவு வலுக்கிறது! தூரத்து உறவினன் ஒருவன் உல்லாசப் பயணம் போகிறேன் என்று எழுதினால் இத்தகைய ஐயம் எழ இடமில்லை.

கமக்காரனுடைய நிலை இன்னும் சங்கடமானது. மாதச் சம்பளமும் வங்கிக் கணக்கும் உடையவனையே மனத்திற்கொண்டு இப்படிவங்கள் வகுக்கப்பட்டுள்ளன. கிளிநொச்சியில் காலபோகம் விதைத்தவனுடைய பணம் மார்கழியில் வங்கியில் இராது, வயலில் நிற்கும். இடைக்காட்டிலோ புத்தூரிலோ வெங்காயம் நட்டவனுடைய செல்வமும் அவ்வாறே மண்ணுக்குள் இருக்கும். நிற்கின்ற பயிரைவிட ஒரு மனிதனை ஊருக்குத் திருப்பி இழுக்கும் கயிறு வேறு உண்டா? ஆயினும் கணக்குப் புத்தகத்தில் மீதி குறைவு என்ற ஒன்றே அதிகாரியின் கண்ணிற் படுகிறது. காணி உறுதியையும் கமநல சேவை நிலையத்துப் பதிவையும் தேடி, ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பித்து, சத்தியக்கடதாசி முடித்துக் கொடுப்பதற்குள் சாவு வந்து போய்விடுகிறது. உத்தியோகத்தரும் தப்புவதில்லை. அரசாங்கப் பாடசாலை ஆசிரியை ஒருவர் வெளிநாடு செல்வதற்கான விடுமுறையைப் பெற, அதிபரிடமிருந்து வலயக் கல்வி அலுவலகம், அங்கிருந்து மேலிடம் என்று கடிதம் படியேற வேண்டும். அந்த விடுமுறைக் கடிதம் இல்லாவிட்டால், வேலையை விட்டுவிட்டு வருகிறாரோ என்று அங்கே ஐயம்.

இத்தனை விண்ணப்பங்கள் குவியும்போது ஒவ்வொன்றையும் உடனே பார்ப்பது இயலாது என்பார்கள். இயலாதா என்பதைக் கனடாவின் வரலாறே சொல்லட்டும். 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எமது கிழக்குக் கரையையும் முல்லைத்தீவையும் வாரிக்கொண்டு போன பின்னர், பாதிக்கப்பட்டோரின் குடும்ப இணைவு விண்ணப்பங்களுக்குக் கனடிய அரசாங்கம் முன்னுரிமை அளித்தது, கட்டணத்தையும் விலக்கியது. 2015 நவம்பரில் தொடங்கி 2016 பெப்ரவரி முடிவதற்குள் 25,000 சிரிய அகதிகளை அந்நாடு அழைத்துக்கொண்டது. 2022 மார்ச்சில் உக்ரேனியருக்கெனத் தனி வழி ஒன்றைத் திறந்து, அதிலும் கட்டணம் வாங்காது விட்டது. சிரியரும் உக்ரேனியரும் அடைந்த நன்மையைக் கண்டு நாம் பொறாமைப்படவில்லை. ஓடி ஒளிந்த நாட்களை அறிந்த மக்கள் அப்படிப் பொறாமைப்படவும் மாட்டார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் பேரழிவு என்றால் வேகமாக நகரும் அதே இயந்திரம், ஒரு வீட்டுக்குள் நிகழும் அழிவென்றால் ஏன் அசைய மறுக்கிறது என்றே வினவுகின்றோம். ஆற்றல் இல்லாமையன்று, கணக்கிலெடுக்காமையே காரணம் என்பது எமது துணிபு.

பிரித்தானியாவின் முறை வேறொரு வகையிற் சிந்திக்கத்தக்கது. அங்கே வேகம் விலைக்கு விற்கப்படுகிறது. விசாக் கட்டணத்துக்கு மேலாக 500 பவுண் கொடுத்தால் ஐந்து வேலை நாட்களில் முடிவு. 1,000 பவுண் கொடுத்தால் அடுத்த வேலை நாளில் முடிவு. இவ்வாறு இரு படிகள், அச்சேவைகள் உள்ள இடங்களிலே, வகுத்து வைத்திருக்கிறார்கள். இதிலே ஒரு நேர்மை உண்டென்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கொடுத்த பணத்துக்கு இத்தனை நாள் என்று சொல்லப்படுகிறது; விண்ணப்பித்தவன் இருட்டிலே நிற்பதில்லை. ஆனால் கலியாண வீட்டுக்குப் போகிறவனும் காற்பந்தாட்டம் பார்க்கப் போகிறவனும் காசு கொடுத்து முன்வரிசைக்கு வர, தங்கையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கத் துடிப்பவன் காசில்லாமையாற் பின்வரிசையில் நிற்பது என்ன நியாயம்?

பிறரைச் சொல்லுமுன் எமது நாட்டின் நடப்பையும் பார்ப்பது முறை. கடவுச்சீட்டைச் சாதாரணமாகப் பெற 10,000 ரூபா, ஒரே நாளிற் பெற 20,000 ரூபா என்று அவசரத்துக்குக் கொழும்பும் விலை குறித்துத்தான் இருக்கிறது. 2024 இன் பிற்பகுதியில் கடவுச்சீட்டுப் புத்தகங்களே போதாமற்போய், பத்தரமுல்லையிலே மக்கள் இரவிரவாக வரிசையிற் கிடந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாட்களில் பருத்தித்துறையிலிருந்து போனவன், கடவுச்சீட்டுக்கு ஒரு பயணம், விரலடையாளத்துக்கு ஒரு பயணம் என்று கொழும்புக்கு இருமுறை அலைந்தான். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டமை காலந்தாழ்த்திய நன்மையேயாயினும் நன்மைதான். அதற்கு முன்னர் வடக்கில் உள்ளவர் வவுனியாவுக்கேனும் போகவேண்டியிருந்தது.

இதுவரை கூறியது இங்கிருந்து அங்கே போக விரும்புவோரைப் பற்றியது. அங்கிருந்து இங்கே வரமுடியாதோரின் துயரம் இதனினும் ஆழமானது, அதிகம் பேசப்படாதது. அகதியாக ஏற்கப்பட்டுக் கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்ற ஒருவன், தான் தப்பி ஓடிய நாட்டுக்கு மீண்டும் போய்வந்தானேயானால், அந்நாட்டின் பாதுகாப்பைத் தானாக நாடினான் எனக் கருதி அவனது அகதிப் பாதுகாப்பை நிறுத்தலாம். 2012 இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின் பின்னர், இவ்வகையில் பாதுகாப்பு நிறுத்தப்படுமாயின் நிரந்தர வதிவிடமும் உடன் பறிபோகிறது. தாயின் சிதைக்குக் கொள்ளி வைக்க வந்தவன், திரும்பிப் போய்த் தன் பிள்ளைகளுடன் வாழும் உரிமையை இழக்கக்கூடும். கொலம்பியாவிலிருந்து வந்த அகதிப் பெண்ணொருவர் சுகவீனமுற்ற தந்தையின் பொருட்டுத் தாய்நாட்டுக்குச் சென்றமையால் எழுந்த வழக்கிலே, கனடாவின் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. போனார் என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது. ஏன் போனார், என்ன அறிந்து போனார், எத்தகைய முன்னெச்சரிக்கையுடன் போனார் என்பவற்றையும் ஆராய வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அது ஆறுதலே. ஆயினும் வழக்காடி வெல்லலாம் என்ற நம்பிக்கையில் எத்தனை பேர் விமானம் ஏறத் துணிவார்கள்? ஆகவே எம்மவர் பலர் பெற்றோரின் மரணச் சடங்கை இணைய நேரலையிற் பார்க்கின்றனர். பெற்ற மகன் திரைக்கு அப்பால் நிற்க, கொள்ளிக்குடத்தைத் தமையன் பிள்ளை தூக்குகிறான்.

இவர்களுக்கு ஒரு வழி உண்டு. அதைப் பலர் அறியார். ஐந்தாண்டுக்குள் 1,095 நாட்கள் கனடாவில் வாழ்ந்த நிரந்தர வதிவாளர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமை பெற்றவனுக்கு மேற்சொன்ன ஆபத்து இல்லை. குடும்பத்தில் மரணமோ கடும் நோயோ நேர்ந்து, தன் நாட்டுக் கடவுச்சீட்டைப் பெற முடியாத நிலையில் பயணம் செய்ய வேண்டியவர், அக்குடியுரிமை விண்ணப்பத்தை அவசரமாகப் பரிசீலிக்குமாறு ஆதாரத்துடன் கோரலாம் என்று அந்நாட்டுத் திணைக்களமே கூறுகிறது. உரிய நாளுக்குள் முடியும் என்று உறுதி தர இயலாது என்றும் அதனுடன் சேர்த்துக் கூறுகிறது. தகுதி வந்த பின்னரும் "பிறகு பார்ப்போம்" என்று விண்ணப்பியாது இருக்கின்ற எம்மவர் எத்தனை பேர்! தாய்க்கு எண்பது வயதாகும்வரை காத்திருந்துவிட்டு, தந்தி வந்தாற்போல் செய்தி வந்த அன்று படிவத்தைத் தேடுவது எவர் குற்றம்?

கோவைகளின் தாமதம் என்ன செய்யும் என்பதை எமது இனத்துக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ், 1951 ஓகஸ்ட் 5 ஆம் திகதிக்குள் ஏறத்தாழ 8 இலட்சத்து 24 ஆயிரம் மலையக மக்களுக்காக விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. மணமானவர் ஏழாண்டு, மணமாகாதவர் பத்தாண்டு இடையறாது இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டுமென்றனர். லயத்து அறையில் வாழ்ந்தவன் எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்? விசாரணை பத்தாண்டுக்கு மேல் இழுபட்டது. முடிவில் பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. தீர்ப்பைக் காணாமலே இறந்தோர் இறக்க, எஞ்சியோரின் தலைவிதி 1964 ஒக்டோபரில் இரு பிரதமர்களின் மேசையிலே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டது. ஆனால் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னர் நடந்தது என்ன? பத்தே நாட்களில் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பிரசைகளாயினர். அரை நூற்றாண்டு அசையாதிருந்த வேலையைப் பத்து நாளிற் செய்து முடித்தது புதிய யந்திரம் எதுவுமன்று. செய்வோம் என்ற தீர்மானம்.

ஆகையால் நாம் கேட்பவற்றைத் தெளிவாகவே கேட்கின்றோம். மரணமும் மரணத் தறுவாயும் காரணமாக வரும் வேண்டுகோள்களைப் பார்ப்பதற்கென ஒவ்வொரு விசா அலுவலகத்திலும் பொறுப்பான உத்தியோகத்தர் இருத்தல் வேண்டும். வேண்டுகோள் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள், ஏற்றோம் அல்லது ஏற்கவில்லை என்று பதில் அனுப்பப்படல் வேண்டும். ஏற்காவிடின் காரணம் ஒரு வரியிலாவது எழுதப்படல் வேண்டும். வங்கிக் கணக்குக்கு ஈடாகக் கமக்காரனுடைய காணியையும் நிற்கும் பயிரையும் ஆதாரமாக ஏற்கும்படி அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் மரணத் தந்தியொத்த அவசரங்களுக்கு மேலதிகக் கட்டணமின்றி முன்னுரிமை கொடுக்கும் ஒழுங்கைக் கொழும்பு செய்தல் வேண்டும். ஆசிரியரதும் தாதியரதும் விடுமுறைக் கடிதம் இத்தகைய வேளைகளில் ஒரே நாளிற் கையொப்பமாக, மாகாண நிர்வாகம் வழி காணட்டும். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

எமது மக்களிடம் கூறவேண்டியதும் உண்டு; அது கசப்பாயினும் கூறுவோம். அவசரம் என்று எழுதுவதால் அவசரம் நிரூபணமாகாது. நோயாளியின் பெயர், நோயின் நிலை, காலம் எவ்வளவு, உறவு என்ன என்பவற்றை வைத்தியர் தம் கடிதத்தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். உறவைக் காட்டும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் அதன் மொழிபெயர்ப்பும் உடன் செல்ல வேண்டும். கடவுச்சீட்டும் மொழிபெயர்த்த பத்திரங்களும் வீட்டுப் பெட்டகத்திலே எப்போதும் ஆயத்தமாக இருக்கட்டும். ஒருமுறை கொடுத்த விரலடையாளம் கனடாவுக்குப் பத்தாண்டு செல்லும் என்பதையும் அறிந்திருப்பது நன்று. கண்ணீரைப் பத்துப் பக்கத்துக்கு எழுதுவதைவிட, எந்த நாளுக்குள் எது வேண்டும் என்று பத்து வரியில் எழுதுவதே பயன்தரும்.

இன்னொன்று. சுகதேகியாக இருக்கும் பெரியப்பாவைச் சாகக்கிடப்பவராக்கி, பணம் கொடுத்து வைத்தியக் கடிதம் வாங்கித் தரும் தரகர்கள் எமது பட்டினங்களிலே இருக்கிறார்கள். நகையை ஈடு வைத்தும் வயலை ஒற்றி வைத்தும் அவர்களுக்குக் கொட்டிக் கொடுப்போரும் இருக்கிறார்கள். பொய்யான ஆவணம் பிடிபட்டால் ஐந்தாண்டுக்குக் கனடாவுக்குள் நுழைய முடியாது என்பது அந்நாட்டுச் சட்டம். தண்டனை அவனோடு நின்றாலும் கெடுதல் நிற்பதில்லை. அடுத்த கிழமை மெய்யாகவே மகனை இழந்துகொண்டிருக்கும் தாயின் கடிதத்தை அதே அதிகாரி ஐயத்துடன் வாசிக்கிறான். அவளுக்கு இழைக்கப்பட்ட துரோகம் ஒட்டாவாவில் அன்று, எமது ஊரிலேயே பிறந்தது.

நீதிமன்றத்தின் வாயிலும் திறந்திருக்கிறது. அதன் எல்லையையும் அறிந்து போகவேண்டும். வெளிநாட்டில் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்துக்கு எதிராகக் கனடாவின் சமஷ்டி நீதிமன்றத்தில் 60 நாட்களுக்குள் மீளாய்வு கோரலாம். முடிவே கூறாது இழுத்தடித்தால், முடிவு கூறுமாறு பணிக்கும் ஆணையீட்டு எழுத்தாணையைக் கோரலாம். அத்தாமதம் அவ்வேலைக்கு இயல்பாக வேண்டிய காலத்தை மிஞ்சியதா, விண்ணப்பித்தவர் அதற்குக் காரணமில்லையா, அரசாங்கம் தகுந்த விளக்கம் தரத் தவறிற்றா என்ற மூன்றையும் அந்நீதிமன்றம் ஆராயும் என்பது 1990 களின் இறுதியிலிருந்து நிலைபெற்ற நெறி. மனைவி பிள்ளைகளை வரவழைக்க ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பவனுக்கு இது பயனுள்ள ஆயுதம். மரணப்படுக்கைக்கு இது உதவாது. வழக்கு விளங்கி முடிவதற்குள் அந்தியேட்டியன்று, ஆட்டத்திவசமே வந்துவிடும்.

ஆதலின் இந்தக் குறையை நிர்வாகமே தீர்த்தல் வேண்டும். நிர்வாகத்தை அசைப்பது அரசியல்வாதிகளின் கடமை. 2011 முதல் தமிழ் வழிவந்தோர் கனடியப் பாராளுமன்றத்தில் அங்கம் வகித்து வருகின்றனர். தொகுதி அலுவலகத்தில் தனித்தனியாக வந்து அழுபவர்களுக்காகத் திணைக்களத்துக்கு எழுதுவது நற்பணிதான். ஆனால் உறுப்பினரை அறிந்தவனுக்கு ஒரு வாசல், அறியாதவனுக்குச் சுவர் என்ற நிலையை அது மாற்றாது. அவர்கள் கேட்கவேண்டிய எழுத்துமூல வினா ஒன்று உண்டு. இலங்கையிலிருந்து மரணமும் கடும் நோயும் காரணமாக ஓராண்டில் வந்த அவசர வேண்டுகோள்கள் எத்தனை? எத்தனை ஏற்கப்பட்டன? ஒவ்வொன்றுக்கும் எத்தனையாம் நாளிற் பதில் போயிற்று? அச்சபையின் நிலையியற் கட்டளைப்படி 45 நாட்களுக்குள் பதில் தருமாறு உறுப்பினர் கோரலாம். அந்த வினா எப்போது சபைக்கு வரும் என்பதை எமது வாசகர் சார்பில் அவர்களிடம் கேட்கின்றோம்.